பள்ளி பேண்ட் மாணவர்கள் ஆப் வைத்துப் பயிற்சி செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பள்ளியின் பேண்ட் வாத்தியக் குழுவில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மாணவர்கள் ட்யூனர் (சுருதியை முள்ளால் காட்டுவது), மெட்ரோனோம் (தாளத்துக்கு க்ளிக் தருவது), வேகம் குறைக்கும் ஆப், மதிப்பெண் போடும் ஆப் என்று ஆறேழை போனில் இறக்கிவிடுகிறார்கள். மூன்றாவது வாரம் பார்த்தால் ட்யூனரின் முள்ளை வெறித்துக்கொண்டே ஊதுகிறார்கள், மற்ற ஆப்களைத் திறப்பதே இல்லை. புதிய மாணவர்களோடு பயிற்சி அறையில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது, சிக்கல் வரிசையில்தான் இருக்கிறது. காது முதலில் ஒரு முடிவுக்கு வர வேண்டும், அப்புறம்தான் திரையைப் பார்த்து அதைச் சரிபார்க்க வேண்டும். கீழே உள்ள படிகள் இந்த வரிசையில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

வாத்தியம், நோட்ஸ் (இசை எழுதிய தாள்), ஸ்டாண்ட், பென்சில், சார்ஜ் ஏறிய போன், வயர் உள்ள ஒரு இயர்போன். போனில் 'தொந்தரவு செய்யாதே' அமைப்பைப் போட்டுவிடுங்கள், நீண்ட ஸ்வரம் ஊதும்போது ஒரு மெசேஜ் வந்தால் அந்த மூச்சு வீண்.

வயர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ப்ளூடூத் இயர்போனில் ஒலி சற்றுத் தாமதமாகத்தான் காதுக்கு வரும், பல இயர்போன்களில் அது 200 மில்லி செகண்டைத் தொடும். 120 வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 120 தாளத் தட்டு என்றால், ஒரு பீட்டே (ஒரு தட்டே) 500 மில்லி செகண்டுதான், அதில் 200 என்றால் கிட்டத்தட்ட அரை பீட். வெறும் மெட்ரோனோமைக் கேட்டு வாசிக்கும்போது இது தெரியாது, காதில் விழுவதோடு சேர்ந்துதானே வாசிக்கிறோம். பதிவு செய்யும்போதும் மதிப்பெண் போடும் ஆப்பிலும்தான் மொத்த வாசிப்பும் பின்தங்கியதாகத் தெரியும். ஒரு சாக்ஸபோன் பையனுக்கு ஒவ்வொரு ஸ்வரமும் 'லேட்' என்று சிவப்பாகவே வந்துகொண்டிருந்தது. அவன் இரண்டு வாரம் முன்கூட்டியே ஊதிப் பழகிவிட்டான், பச்சை வந்தது. ஒத்திகையில் உட்கார்ந்ததும் மொத்த வரிசைக்கும் முன்னால் ஓடினான். இயர்போனை மாற்ற ஒரு நிமிடம் போதும், அந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு மாதம் ஆனது.

ஆப்களில் நான்கு வகை போதும்: ட்யூனர், மெட்ரோனோம், ரெக்கார்டர், வேகம் குறைப்பது. டோனல்எனர்ஜி போன்ற ஒரே ஆப்பில் ட்யூனர், தொடர் சுருதி ஒலி, மெட்ரோனோம், பதிவு நான்கும் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் ஆப் அது. வாங்க முடியாவிட்டால் இலவச ட்யூனர் ஒன்று, இலவச மெட்ரோனோம் ஒன்று, போனோடு வரும் ரெக்கார்டர் என்று தொடங்கினாலும் குறை ஒன்றும் இல்லை.

முதல் முறை திறக்கும்போது மைக் அனுமதி கேட்கும். அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டிவிட்டு, முள் நகரவில்லை, ஆப் கெட்டுவிட்டது என்று அழித்துவிட்டு வேறொன்றைத் தேடுபவர்கள் நிறைய பேர். போனின் செட்டிங்ஸில் போய் மைக்கை அனுமதித்தால் போதும்.

2. எதையும் திருத்துவதற்கு முன் ஒரு பதிவு

ட்யூனரைத் திறப்பதற்கு முன் அன்றைய பகுதியை ஒருமுறை அப்படியே வாசித்துப் பதிவு செய்யுங்கள். பிழை வந்தால் நிறுத்தாமல் போங்கள். வாசிக்கும்போது மூளை விரலையும் மூச்சையும் நோட்ஸையும் பார்த்துக்கொண்டிருக்கிறது, காதுக்கு மிச்சம் கிடைக்கும் கவனம் கொஞ்சம்தான். பதிவில்தான் நாம் வெறும் கேட்பவராக இருக்கிறோம். எந்த மெஷரில் (நோட்ஸில் இரு நெடுக்கோடுகளுக்கு இடைப்பட்ட கட்டத்தில்) வேலை இருக்கிறது என்பதை இந்தப் பதிவே காட்டிவிடும், அது தெரியாமல் பயிற்சி செய்தால் நன்றாக வருகிற இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்போம்.

போனை ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள். டிரம்பெட், டிரோம்போன் என்றால் பெல்லுக்கு (விரிந்த வாய்க்கு) நேர் எதிரே வேண்டாம், பக்கவாட்டில். கிளாரினெட்டிலும் ஃப்ளூட்டிலும் ஒலி கீழ் முனையில் மட்டுமல்ல, திறந்திருக்கும் துளைகள் வழியாகவும் வருகிறது, அதனால் போனைக் குழாயின் முனைக்கு அருகில் ஒட்டி வைத்தால் சில ஸ்வரங்கள் மட்டும் எகிறிக் கேட்கும். முதலில் இருப்பதிலேயே உரத்த இடத்தை ஐந்து செகண்ட் ஊதிப் பதிவு செய்து கேளுங்கள், கரகரப்பு இருந்தால் இன்னும் தள்ளி வையுங்கள்.

இங்கே பலர் செய்வது, மெசேஜ் ஆப்பின் வாய்ஸ் நோட்டில் பதிவு செய்வது. பேச்சுக்காகச் செய்யப்பட்ட இத்தகைய வசதிகளில் இரைச்சலை அடக்கும் வேலை பின்னால் நடந்துகொண்டிருக்கும். ஒரே மாதிரி நீளும் ஒலியை அது மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி அமுக்கிவிடும். நீங்கள் எட்டு பீட் சீராகப் பிடித்த ஸ்வரம் பதிவில் தேய்ந்து கேட்கும், மூச்சு போதவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆன்லைன் வகுப்பிலும் இதே கதைதான், ஜூம் என்றால் இசைக்காரர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

3. ட்யூனரில் முதலில் பார்க்க வேண்டிய இரண்டு அமைப்புகள்

ஒன்று, ஏ ஸ்வரத்தின் அதிர்வெண். பொதுவாக 440 ஹெர்ட்ஸ். சில குழுக்கள் 442 வைத்துக்கொள்கின்றன, உங்கள் பேண்ட் எது என்று ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். திரையில் கை பட்டு 436 ஆகிவிட்டதைக் கவனிக்காமல் ஒரு வாரம் முழுக்க ஊதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவதுதான் புதியவர்களை அதிகம் குழப்புவது. ஒரு டிரம்பெட் மாணவி சி ஊதுகிறாள், திரையில் ஏ ஷார்ப் என்று வருகிறது. வால்வை அழுத்திப் பார்க்கிறாள், உதட்டை இறுக்குகிறாள், ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ எழுத்து வருகிறது, கடைசியில் வாத்தியமே பழுது என்று முடிவு செய்கிறாள். அவள் ஊதியது சரியான சி. டிரம்பெட்டுக்கு எழுதப்படும் சி, உண்மையில் ஒலிப்பது கான்சர்ட் பி ஃப்ளாட் (கான்சர்ட் பெயர் என்றால் உண்மையில் ஒலிக்கும் ஸ்வரத்தின் பெயர்). ஏ ஷார்ப்பும் பி ஃப்ளாட்டும் ட்யூனருக்கு ஒன்றுதான்.

டிரம்பெட், கிளாரினெட், டெனர் சாக்ஸபோன் பி ஃப்ளாட் வாத்தியங்கள், அதாவது அவற்றில் எழுதிய சி, பி ஃப்ளாட்டாக ஒலிக்கும். ஆல்டோ, பாரிடோன் சாக்ஸபோன்கள் ஈ ஃப்ளாட். ஃப்ரெஞ்ச் ஹார்ன் எஃப். ஃப்ளூட், ஓபோ, டிரோம்போன், டியூபா ஆகியவற்றில் எழுதியதன் பெயரும் ஒலிப்பதன் பெயரும் ஒன்றே. அதனால் மேடையில் நடத்துநர் கான்சர்ட் பி ஃப்ளாட் வேண்டும் என்றால் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் சி ஊத வேண்டும், ஆல்டோ ஜி, ஹார்ன் எஃப், ஃப்ளூட்டும் டிரோம்போனும் பி ஃப்ளாட்.

நல்ல ட்யூனர்களில் 'டிரான்ஸ்போஸ்' அமைப்பு இருக்கும். அதில் உங்கள் வாத்தியத்தின் ஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் ஊதும் பெயரே திரையிலும் வரும். முதல் ஆண்டில் இதைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் எடுத்துவிட்டு கான்சர்ட் பெயர்களையும் பழகிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து, நடத்துநர் ஒத்திகையில் கான்சர்ட் பெயரில்தான் பேசுவார். அண்ணன், அக்காவின் போனை வாங்கி ட்யூன் செய்கிறவர்கள் அதில் அவர்கள் வாத்தியத்தின் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊதுங்கள்.

4. சுருதி சேர்க்கும் வரிசை

முதலில் நான்கைந்து நிமிடம் ஊதி வாத்தியத்தைச் சூடாக்குங்கள். குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும், ஏனெனில் சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகிறது. அரை ஸ்வரம் என்பது 100 சென்ட். குளிர்ந்த வாத்தியத்தில் சுருதி சேர்த்தால் பத்தே நிமிடத்தில் எல்லாம் ஏறி நிற்கும்.

அடுத்தது, போனைக் கவிழ்த்து வையுங்கள். கண்ணை மூடி, நடுத்தர உரப்பில், வாத்தியத்துக்கு இயல்பாக வரும் இடத்தில் ஸ்வரத்தைப் பிடியுங்கள். ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று உங்களுக்குள் ஒரு பதில் சொல்லிக்கொள்ளுங்கள். அப்புறம் போனைத் திருப்பிப் பாருங்கள், ஊதுவதை மாற்றாமல்.

இந்த 'மாற்றாமல்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கிளாரினெட் வாசிக்கும் ஒரு மாணவி முள் இடப்பக்கம் போனால் ரீடை (மவுத்பீஸில் அதிரும் பட்டையை) கடிப்பாள், வலப்பக்கம் போனால் தாடையைத் தளர்த்துவாள். முள் அழகாக நடுவில் நிற்கும். ஆனால் அவளுடைய ஒலி மெலிந்து, பிழிந்ததுபோல் இருந்தது, அதோடு ஐந்து நிமிடத்தில் வாய் வலி. ட்யூனர் ஒலியின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சுருதியை வாத்தியத்தில்தான் மாற்ற வேண்டும்: டிரம்பெட்டில் மெயின் ட்யூனிங் ஸ்லைடு, கிளாரினெட்டில் பேரலுக்கும் மேல் பாகத்துக்கும் இடையே, ஃப்ளூட்டில் ஹெட்ஜாயின்ட், சாக்ஸபோனில் கார்க் மேல் மவுத்பீஸ். ஏறியிருந்தால் கொஞ்சம் வெளியே இழுங்கள், குழாய் நீளும், சுருதி இறங்கும். இறங்கியிருந்தால் உள்ளே தள்ளுங்கள்.

ஒரு ஸ்வரம் சேர்ந்துவிட்டால் எல்லாம் சேர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். டிரம்பெட்டில் ஸ்டாஃபை (நோட்ஸின் ஐந்து கோடுகளை) ஒட்டிக் கீழே இருக்கும் டி, அதற்கும் கீழே உள்ள சி ஷார்ப் இரண்டும் இயல்பிலேயே ஏறி ஒலிக்கும், மூன்றாவது வால்வின் ஸ்லைடை வெளியே தள்ளித்தான் ஊத வேண்டும். உரக்க ஊதினால் ஃப்ளூட் ஏறும், கிளாரினெட் இறங்கும், பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டும் எதிர் எதிர் திசையில் விலகும். ஒரு மாலை உட்கார்ந்து உங்கள் வாத்தியத்தின் எல்லா ஸ்வரங்களையும் ஊதி, எது எத்தனை சென்ட் விலகுகிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ட்யூனர் ஆப்பால் கிடைக்கும் மிகப் பெரிய பயன் அந்தத் தாள்தான்.

5. சுருதி ஒலியோடு நீண்ட ஸ்வரங்கள்

ட்யூனரை மூடிவிட்டு, அதே ஆப்பில் இருக்கும் தொடர் சுருதி ஒலியைப் போடுங்கள். 'ட்ரோன்' என்று இருக்கும். அதே ஸ்வரத்தை அதன் மேல் ஊதுங்கள். சேராதபோது ஒலி விம்மி விம்மிக் கேட்கும். ஆப் 440-ல் ஒலிக்க நீங்கள் 443-ல் ஊதினால் ஒரு செகண்டுக்குச் சரியாக 3 விம்மல். நெருங்க நெருங்க விம்மல் மெதுவாகும், சேர்ந்த கணத்தில் நின்றுவிடும். இதை முதல்முறை கேட்கும் மாணவரின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும், அதற்கப்புறம் முள்ளைத் தேடுவது குறைந்துவிடும்.

ட்யூனருக்கு அடுத்து இதை வைப்பதற்குக் காரணம் உண்டு. பேண்டில் நாம் தனியாக ஊதுவதில்லை. மேஜர் கார்டில், அதாவது சி, ஈ, ஜி போன்ற ஸ்வரக் கூட்டில், ஈ போன்ற நடு ஸ்வரம் (தேர்ட்) உங்கள் பங்கு என்றால், அது இனிமையாகச் சேர ட்யூனரின் பூஜ்யத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் கீழே இருக்க வேண்டும். அப்போது முள்ளை மட்டும் நம்புகிறவர் 'நான் சரியாகத்தான் இருக்கிறேன்' என்பார், கார்டு கரடுமுரடாகவே இருக்கும்.

ட்ரோனை இயர்போனில் கேட்பதைவிட ஒரு ஸ்பீக்கரில் கேட்பது நல்லது, இரண்டு ஒலிகளும் அறையின் காற்றில் கலக்கும்போது விம்மல் தெளிவாகத் தெரியும். ஐந்து நிமிடம் போதும்.

6. மெட்ரோனோம்: வேகத்தை யார் முடிவு செய்வது

தாளில் 112 என்று போட்டிருந்தால் எல்லோரும் 112-ல் தொடங்குகிறார்கள். வேண்டாம். 2-ஆம் படியில் பதிவு காட்டிய மிகக் கடினமான மெஷரை எடுங்கள். அதைத் தொடர்ந்து மூன்று முறை பிழையில்லாமல் வாசிக்க முடிகிற வேகம் எதுவோ அதுதான் அன்றைய தொடக்கம். 56 ஆக இருந்தாலும் சரி. எளிதான மெஷரை வைத்து வேகத்தை முடிவு செய்தால், கடினமான இடத்தில் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுவீர்கள், அந்தத் தடுக்கலே விரலுக்குப் பாடமாகிவிடும்.

வாத்தியத்தை உடனே எடுக்காதீர்கள். முதலில் க்ளிக்கோடு தாளத்தைக் கைதட்டி வாயால் சொல்லுங்கள். அடுத்து வாத்தியத்தைப் பிடித்து, ஊதாமல், விரலை மட்டும் ஓட்டுங்கள். அப்புறம்தான் ஊத வேண்டும். தாளம், விரல், மூச்சு மூன்றையும் ஒரே நேரத்தில் சுமக்கும்போது எது தவறுகிறது என்றே தெரியாது. இப்படிப் பிரித்துச் செய்தால் பிழை எங்கே என்று முதல் நிமிடத்திலேயே பிடிபடும், பெரும்பாலும் கைதட்டும்போதே பிடிபட்டுவிடும்.

மூன்று முறை சுத்தமாக வந்தால் 4 ஏற்றுங்கள். இரண்டு முறை தொடர்ந்து தவறினால் 8 இறக்குங்கள். தவறிய வேகத்திலேயே 'இன்னும் ஒரு தடவை' என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள்தான் அதிகம். அன்று எட்டிய வேகத்தை அந்த மெஷருக்கு மேலே பென்சிலால் எழுதுங்கள்.

6/8 தாளத்தில் ஒரு பொதுவான தவறு. தாளில் புள்ளி வைத்த குவார்ட்டர் நோட்டுக்கு (மூன்று எய்த் நோட்டுக்குச் சமம்) 72 என்று இருக்கும், மாணவர் எய்த் நோட்டுக்கு 72 என்று வைத்துவிடுவார், பாட்டு மூன்று மடங்கு மெதுவாகிவிடும். வேகக் குறியின் முன்னால் இருக்கும் நோட் எது என்பதைப் பார்த்துவிட்டு வையுங்கள்.

சரி, இலக்கு வேகம் வந்துவிட்டது. இப்போது க்ளிக்கைக் குறைக்க வேண்டும். நான்கு பீட்டுக்கும் ஒலித்ததை 1, 3-க்கு மட்டும், பிறகு 1-க்கு மட்டும் என்று மாற்றுங்கள். டைம் குரு போன்ற ஆப்களில் க்ளிக்கை இடையிடையே மௌனமாக்கும் வசதி இருக்கிறது. மௌனம் முடிந்து க்ளிக் திரும்பும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் உங்கள் உண்மையான தாளம். எல்லா பீட்டுக்கும் க்ளிக் கேட்டே பழகியவர்கள் மெட்ரோனோமைத் துரத்துகிறார்கள், ஒத்திகையில் அது இல்லாதபோது வேகமெடுத்து ஓடிவிடுகிறார்கள்.

ஸ்னேர் டிரம் வாசிப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: அடி மிகச் சரியாக விழும்போது க்ளிக் உங்கள் அடிக்குள் மறைந்து காணாமல் போகும். க்ளிக் நின்றுவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் சந்தோஷப்படுங்கள்.

இன்னொன்று, காது. டிரம்பெட் சத்தத்துக்கு மேல் க்ளிக் கேட்க வேண்டும் என்று இயர்போனை முழு ஒலியில் வைப்பது ஆபத்து. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபலில் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94-ல் 1 மணி நேரம், 100-ல் 15 நிமிடம்தான். திரை மின்னும் வசதியையோ அதிரும் வசதியையோ பயன்படுத்துங்கள், அல்லது போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அதிர்வை உடம்பில் வாங்குங்கள். காது போனால் திரும்ப வராது, இதில் சமரசமே கூடாது.

7. பாட்டை மெதுவாக்கிக் கேட்பது

எனிட்யூன், அமேசிங் ஸ்லோ டவுனர் போன்றவை சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும், ஒரு பகுதியை மட்டும் திரும்பத் திரும்பவும் ஓட்டும். யூடியூபில் 0.75 வைத்தாலும் சுருதி மாறாது. கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி இலவசம், ஆனால் அதில் கவனம் வேண்டும்: 'டெம்போ' மாற்றும் எஃபெக்ட் வேறு, 'ஸ்பீட்' மாற்றும் எஃபெக்ட் வேறு. ஸ்பீடைக் குறைத்தால் சுருதியும் கீழே இறங்கிவிடும், அதோடு சேர்ந்து வாசித்தால் ஒரு ஸ்வரமும் பொருந்தாது.

மெட்ரோனோமுக்குப் பிறகு இதை வைத்திருப்பதற்குக் காரணம், பதிவைக் கேட்டு முதலில் கற்றுக்கொண்டவர்கள் நோட்ஸ் படிப்பதையே விட்டுவிடுகிறார்கள். முதலில் தாளைப் படித்து நீங்களாக வாசியுங்கள். அப்புறம் கேளுங்கள், எங்கே மூச்சு எடுக்கிறார்கள், எந்த ஸ்வரத்தை வெட்டுகிறார்கள், எதை இழுக்கிறார்கள் என்று.

8. பக்கத்து வரிசை என்ன வாசிக்கிறது: மியூஸ்ஸ்கோர்

உங்கள் பகுதியில் எட்டு மெஷர் ஓய்வு இருக்கிறதென்றால், அப்போது யார் வாசிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் சரியான இடத்தில் நுழைய முடியும். ஆசிரியர் முழு ஸ்கோரின் (எல்லா வாத்தியங்களின் நோட்ஸும் சேர்ந்தது) மியூசிக் எக்ஸ்எம்எல் ஃபைல் கொடுத்தால் மியூஸ்ஸ்கோர் என்ற நோட்ஸ் எழுதும் மென்பொருளில் திறந்து, மிக்ஸரில் உங்கள் பகுதியை மட்டும் அமைதியாக்கிவிட்டு மற்றவற்றோடு வாசிக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். கம்ப்யூட்டரில் நிறுவும் மியூஸ்ஸ்கோர் மென்பொருள் இலவசம், அதே பெயரில் ஸ்கோர்களைப் பகிரும் தளத்தில் இருக்கும் கட்டணச் சந்தா வேறு. மென்பொருளுக்கு அந்தச் சந்தா தேவையில்லை. இரண்டாவது, அதில் 'கான்சர்ட் பிட்ச்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது ஆன் ஆகியிருக்கும்போது டிரம்பெட் நோட்ஸைத் தாளில் இருப்பதுபோலவே உள்ளிட்டால் எல்லாம் ஒரு முழு ஸ்வரம் தள்ளி ஒலிக்கும். உள்ளிடத் தொடங்கும் முன் அதை ஆஃப் செய்யுங்கள்.

9. மதிப்பெண் போடும் ஆப் கடைசியில்தான்

முன்பு ஸ்மார்ட்மியூசிக் என்று இருந்த மேக்மியூசிக் கிளவுட் போன்றவை துணை இசையோடு வாசிக்க வைத்து, சரியான ஸ்வரத்தைப் பச்சையாகவும் தவறானதைச் சிவப்பாகவும் காட்டும். உற்சாகம் தரும், மறுக்கவில்லை. ஆனால் அது முக்கியமாக அளப்பது சரியான ஸ்வரம், சரியான நேரம் என்ற இரண்டைத்தான். ஒலி எப்படி இருக்கிறது, இசை வாக்கியம் எங்கே உயர்ந்து எங்கே அடங்குகிறது என்பதெல்லாம் உங்கள் காதின் பொறுப்பு. முதல் நாளிலேயே இதில் இறங்கியவர்கள் எண்ணைத் துரத்தி வேகத்தில் தடுமாறுகிறார்கள்.

வயர் இயர்போன் இங்கே கட்டாயம். ஸ்பீக்கரில் துணை இசையைப் போட்டால் மைக் அதையும் சேர்த்துக் கேட்டுக் குழம்பும்.

10. முடிக்கும் முன் ஐந்து நிமிடம்

அதே பகுதியை மெட்ரோனோம் இல்லாமல் மறுபடி பதிவு செய்யுங்கள். பதிவைக் கேட்டுக்கொண்டே கடைசி மெஷரின் வேகத்தை மெட்ரோனோம் ஆப்பில் விரலால் தட்டிப் பாருங்கள், தொடங்கிய வேகத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று உடனே தெரியும்.

பதிவுக்குப் பெயர் வையுங்கள்: தேதி, மெஷர் எண், வேகம். 'புதிய பதிவு 37' என்று இருந்தால் யாரும் திரும்பக் கேட்பதில்லை. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டு, நாளைக்குத் திருத்த வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எழுதுங்கள். ஐந்து எழுதினால் ஒன்றும் நடக்காது. '17 முதல் 20 வரை மூச்சு எடுக்கும் இடம்' என்பதுபோல் திட்டமாக எழுதுங்கள். நாளை போனைத் திறந்ததும் அந்த நான்கு மெஷரிலிருந்து தொடங்கிவிடலாம்.